ஐந்தாவது குருவி

சில ஆண்டுகளுக்கு முன் மாசி மாதத்து விடியற்காலையில், பங்குமகன் ஒருவர் தம் இறால் குட்டையை மந்திரித்துத் தருமாறு நம்மை அழைத்துச் சென்றார். ஓர் ஏக்கர் பரப்புள்ள குட்டை. நீர் நிரப்பிச் சில நாள்கள் ஆகியிருந்தன. பொரிப்பகத்திலிருந்து இரவோடு இரவாக வண்டியில் வந்த குஞ்சுகள், உயிர்வளி அடைக்கப்பட்ட நெகிழிப் பைகளில் குட்டையின் ஓரத்தில் மிதந்துகொண்டிருந்தன. பையிலுள்ள நீரின் வெப்பமும் உப்பும் குட்டை நீரோடு ஒத்துவரும் வரை காத்திருந்து, சிறிது சிறிதாகக் குட்டை நீரைப் பைக்குள் கலந்து, அதன்பிறகே குஞ்சுகளைத் திறந்துவிடுவார்கள். அந்தக் காத்திருப்பு வேளையில் கணக்குப் பார்த்தார் நம் பங்குமகன். "லட்சம் குஞ்சு வாங்கினேன் சாமி. இருபதாயிரம் போனசாகக் கொடுத்திருக்கிறார்கள்" என்றார்.

போனஸ் என்பது இத்தொழிலில் வழக்கமான சொல்தான். வழியிலும் முதல் சில நாள்களிலும் சாகப்போகிறவற்றை ஈடுசெய்யப் பொரிப்பகத்தார் எண்ணிக்கைக்கு மேல் சேர்த்துத் தருவது அது. விலைப்பட்டியலில் அவற்றுக்குத் தொகை எழுதப்படுவதில்லை. நமக்கோ அந்நேரத்தில் லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. மத்தேயு எழுதியபடி இரண்டு குருவிகளின் விலை ஒரு காசு. லூக்கா எழுதியபடி ஐந்து குருவிகளின் விலை இரண்டு காசுகள். கணக்குப் போட்டால் நான்குக்குத்தான் காசு. ஐந்தாவது குருவி சும்மா கிடைத்தது. வணிகர் கொசுறாகப் போட்டது. அவற்றில் ஒன்றையும் கடவுள் மறந்துவிடவில்லை என்று ஆண்டவர் கூறும்போது, அந்தக் கொசுறுக் குருவியையும் சேர்த்தல்லவா கூறினார்?

தீர்த்தம் தெளித்து, வழக்கமான செபத்தைச் சொல்லி, தேநீர் அருந்திவிட்டுத் திரும்பிவிட்டோம். ஆயினும் அந்த இருபதாயிரம் நம்மை விட்டு நீங்கவில்லை. இறாலுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? இக்கேள்வியைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கூச்சத்தின் காரணம் நாம் பணியாற்றும் மண்ணின் வரலாறு.

தஞ்சைத் தரணியின் கடைமடையில் வாழ்வோர்க்கு இறால் பண்ணை என்றதும் நினைவுக்கு வருவது இறாலின் துன்பமன்று, மனிதரின் துன்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சீர்காழி, தரங்கம்பாடி, நாகை வட்டாரங்களில் நிலங்கள் வேலிக் கணக்கில் கைமாறின. நெல் விளைந்த வயலில் கடல்நீர் ஏற்றப்பட்டது. உப்பு, கரையோடு நின்றுவிடுவதில்லை. அது அடுத்த வயலுக்குக் கசியும், கிணற்றுக்குள் இறங்கும். நிலம் விற்றவருக்குப் பணமாவது கிடைத்தது. அந்நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த கூலிப் பெண்களுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. நூறு பேர் உழைத்த இடத்தில் நான்கைந்து காவலாளிகள் போதும் என்றாயிற்று. கடற்கரைக்குப் போகும் பாதைகளையும் வேலிகள் அடைத்தன.

இதனை எதிர்த்து எழுந்தவர் காந்தியத் தொண்டர் ஜெகந்நாதன். அவரும் அவர்தம் துணைவியார் கிருஷ்ணம்மாளும் கீழவெண்மணிக் கொடுமை நிகழ்ந்த 1968க்குப் பிறகு இம்மண்ணிலேயே தங்கி, நிலமற்றோர்க்கு நிலம் பெற்றுத்தரப் பாடுபட்டவர்கள். பெற்றுத் தந்த நிலத்தைச் சுற்றியே உப்புநீர் சூழ்வதைக் கண்டு எண்பது வயதில் அப்பெரியவர் அறப்போரில் இறங்கினார். 1994இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1996 திசம்பர் 11ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திற்குள், மரபுவழிப் பண்ணைகள் நீங்கலாக, ஏனைய இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்பது ஆணை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறிகளில் ஒன்று. அந்நாளில் நாம் குருமடத்தில் இறையியல் மாணவர். உணவறையில் அத்தீர்ப்பைச் செய்தித்தாளிலிருந்து உரக்கப் படித்துக் காட்டிய தோழர் ஒருவர் கைதட்டியதும், நாங்களும் சேர்ந்து தட்டியதும் இன்றும் நினைவில் உண்டு. தீர்ப்பு நடைமுறைக்கு வராமலே தள்ளிப்போயிற்று. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பண்ணைகள் அகலவில்லை, பதிவும் விதிகளும் வந்தன.

இவ்வளவு நீண்ட போராட்டத்தில் இறாலைப் பற்றி எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. பேசியிருந்தால் நகைத்திருப்பார்கள். குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு இரண்டு கல் நடக்கும் தாயின் முன் நின்று, இறாலுக்கு இரங்குங்கள் என்று கூறுபவன் மனிதனா என்று கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் அது நியாயமே. ஆகையால் இக்கட்டுரையில் நாம் எழுதுவன அனைத்தையும் அந்தத் தாயின் முன் நின்று கூறத் துணிவுண்டா என்று நம்மையே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம்.

நம் எண்ணத்தை மாற்றியது ஒரு பொரிப்பகக் காட்சி. மரக்காணத்தை அடுத்த கடற்கரையில் இறால் பொரிப்பகங்கள் பல உண்டு. அங்கே பணியாற்றும் உறவினர் ஒருவரைப் பார்க்கப் போனபோது உள்ளே அழைத்துச் சென்று காட்டினார். கால்களைக் கழுவி, மருந்து கலந்த நீரில் நனைத்த பிறகே உள்ளே விட்டார்கள். மருத்துவமனையைப் போன்ற தூய்மை. இருட்டறையில் வட்டத் தொட்டிகள். அவற்றில் தாய் இறால்கள். இவை நம் கடலின் வரி இறால்கள் அல்ல. தென்னமெரிக்காவையும் நடு அமெரிக்காவையும் ஒட்டிய பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வெனாமி இனம். 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் பரவி வரி இறால் பண்ணைகளை அழித்தது. அதன் பின்னர், 2009 முதல் வெனாமியை வளர்க்க இந்திய அரசு இசைவளித்தது. நோயற்றவை என்று சான்றளிக்கப்பட்ட தாய் இறால்களை வெளிநாட்டிலிருந்து தருவித்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பார்த்து, பிறகே பொரிப்பகங்களுக்குத் தருகிறார்கள்.

அந்தத் தாய் இறால்களுக்கு ஒரு கண் இல்லை.

இறாலின் கண்கள் தலையின் இருபுறமும் சிறு காம்புகளின் நுனியில் அமைந்துள்ளன. அக்காம்பினுள் ஒரு சுரப்பி உண்டு. கருவணு முதிர்ச்சியைத் தடுத்து வைப்பது அதன் வேலைகளுள் ஒன்று. கடலில் பருவமும் வெப்பமும் உணவும் ஒத்துவரும்போது அத்தடை தானாகத் தளரும், தாய் முட்டையிடும். தொட்டியில் அடைபட்ட இறால் அத்தனை எளிதில் முதிர்வதில்லை. முதிர்ந்தாலும் எல்லாம் ஒரே காலத்தில் முதிர்வதில்லை. 1943இல் பனூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கண்காம்பை நீக்கினால் கருப்பை விரைந்து வளர்வதை ஒருவகை இறாலில் கண்டறிந்தார். ஆய்வுக்கூடத்தில் கண்டது பின்னர்த் தொழிலாயிற்று. சூடேற்றிய இடுக்கியால் காம்பை நசுக்குவார்கள். அல்லது நூலால் இறுக்கிக் கட்டி விழச் செய்வார்கள். அல்லது விரலால் கிள்ளி எடுப்பார்கள். ஒரு கண் போனால் தடையின் பாதி போய்விடும். சில நாள்களில் முட்டை வரும். ஒருமுறைக்கு லட்சத்திற்கும் மேலான முட்டைகள். பிறகு மீண்டும், மீண்டும்.

உறவினர் ஒரு தாயைக் கையில் எடுத்துக் காட்டினார். இடுக்கி பட்டதும் அது வாலைச் சுண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு தொட்டியில் விட்டதும் நீந்திச் சென்றுவிட்டது. "இரண்டு நாளில் சரியாகிவிடும் சாமி. இறாலுக்கு ஏது வலி?" என்றார் அவர். அவர் கொடியவர் அல்லர். காயம் பட்ட பூனைக்குட்டியை வீட்டிற்கு எடுத்து வந்து வளர்ப்பவர். தொழிலில் அவர் முதல் நாள் கற்றது இதுவே. எல்லாரும் செய்வதும் இதுவே.

இறாலுக்கு வலி உண்டா? இதற்கு இன்று விடை கூற முயல்வோர் உண்டு. 2007இல் பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வாளர்கள், ஒருவகை இறாலின் ஓர் உணர்கொம்பில் காடித் திராவகத்தைத் தடவினார்கள். அவ்விறால் அந்தக் கொம்பையே திரும்பத் திரும்பத் துடைத்தது. தொட்டிச் சுவரில் உரசியது. மரத்துப்போகச் செய்யும் மருந்தை முன்னதாகத் தடவியபோது அச்செயல் குறைந்தது. இது வெறும் துள்ளல் அன்று, இடமறிந்து வருந்துவது என்றார்கள். 2010இல் வேறு ஆய்வாளர்கள் வேறு இனங்களில் சோதித்தபோது அப்படி ஒன்றும் காணவில்லை. 2021இல் இலண்டன் பொருளியல் பள்ளியைச் சார்ந்த அறிஞர் குழுவொன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்வையிட்டு அறிக்கை தந்தது. நண்டுகளைப் பற்றிய சான்று வலுவானது. பண்ணை இறால் குடும்பத்தைப் பற்றிய சான்று மிகக் குறைவு. ஆயினும் ஆய்வு குறைவாக நடந்ததை உணர்வு இல்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பதால் எல்லாப் பத்துக்காலிகளையும் பாதுகாப்புக்குள் சேர்க்க வேண்டும் என்றது அது. 2022இல் பிரிட்டன் இயற்றிய விலங்கு உணர்வுச் சட்டம் அப்படியே சேர்த்தது.

ஆக, நம் கையிலுள்ளது உறுதியன்று, ஐயம். ஐயத்தோடு என்ன செய்வது என்பதே அறவியலின் பழைய கேள்வி. குருமடத்தில் நமக்கு அறநெறி இறையியல் கற்பித்த முதியவர், வேடனின் எடுத்துக்காட்டை ஆண்டுதோறும் தவறாமல் கூறுவார். புதரில் ஏதோ அசைகிறது. மானாக இருக்கலாம், மனிதனாக இருக்கலாம். வேடன் அம்பு எய்யலாமா? எய்யலாகாது. சட்டம் உண்டா இல்லையா என்பதில் ஐயம் வந்தால், தக்க காரணமுடைய கருத்தைப் பின்பற்ற மனச்சான்றுக்கு உரிமை உண்டு. ஆனால் பிறருக்குத் தீங்கு நேருமா என்ற உண்மை நிலையில் ஐயம் வந்தால், பாதுகாப்பான வழியையே பின்பற்ற வேண்டும். பழைய பாடநூல்கள் எல்லாம் இதனைக் கூறின.

'அந்தப் பிறர் மனிதர் அல்லவா? வேடன் மானை எய்யலாம் என்றுதானே எடுத்துக்காட்டே அமைந்திருக்கிறது?' என்று யாரேனும் மறுக்கக்கூடும். மறுப்பு சரியானது. அக்குவினா தோமையாரும் அப்படித்தான் கற்பித்தார்: குறையுடையது நிறையுடையதற்காக, செடி விலங்குக்காக, விலங்கு மனிதனுக்காக. விலங்கிடம் இரக்கம் காட்டுவது நல்லது என்று அவர் கூறியதும், அந்தப் பழக்கம் மனிதரிடம் இரங்க மனத்தைப் பண்படுத்தும் என்பதற்காகவே. நமக்கு அவர் மீதுள்ள பற்று சிறிதும் குறையாமலே கூறுகிறோம்: இந்த இடத்தில் அவர் போதாது. விலங்கின் வலி வலிக்கிறவனுக்குத் தீயது. அதைப் பார்க்கிறவனின் பண்பாட்டிற்குத் தீயது என்பது அதன் பின்னர் வருவது. திருச்சபையின் மறைக்கல்வி நூல் தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு மாறானது என்று 1992இல் எழுதியது. 2015இல் வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் இன்னும் ஒரு படி சென்று, பிற உயிர்களுக்குக் கடவுளின் முன்னிலையில் தமக்கே உரிய மதிப்பு உண்டு என்றது. ஆயினும் 'தேவையின்றி' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. எது தேவை?

இறாலைக் கொல்லலாகாது என்று நாம் கூறவில்லை. பங்குத் திருவிழா விருந்தில் இறால் தொக்கை நாமும் விரும்பி உண்பவர்தாம். நம்மவர் வழக்கம் ஒன்றையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கிவிட்டு, நோன்பு என்ற பெயரில் இறால் குழம்பு வைக்கும் வீடுகள் நம் பங்கில் பல. ஒரு மாட்டிலிருந்து இருநூறு கிலோ இறைச்சி கிடைக்கும் என்று கொள்வோம். கிலோவுக்கு நாற்பது என்று பார்த்தால் அதே எடைக்கு எண்ணாயிரம் இறால். மாட்டை விட்டுவிட்டு இறாலைத் தின்பவர் எத்தனை உயிர்களை விட்டுவிட்டார், எத்தனையைச் சேர்த்துக்கொண்டார்? 2023–24ஆம் ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைபனி இறால் ஏழு லட்சம் டன்னுக்கும் மேல். பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. அதே நாற்பது கணக்கில் 2,800 கோடி உயிர்கள். வாழ்ந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நூறு, நூற்றிருபது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் ஐயம் சிறியதாக இருந்தாலும் அதனைச் சிறியது என்று தள்ளிவிட முடியுமா? உணர்வு இருப்பதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றே என்று ஒருவர் எண்ணினாலும், அந்தப் பத்தில் ஒன்று இருநூற்றெண்பது கோடியின் கனத்தைத் தாங்கி நிற்கிறது.

மறுபுறம், நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். கண்காம்பை நசுக்காமலே முட்டை பெற முடியும். நல்ல தீனி, ஏற்ற வெப்பம், கூடுதலான தாய்கள், சிறிது பொறுமை ஆகியவை வேண்டும். அப்படிக் கண்ணிழக்காத தாய்களின் குஞ்சுகள் வெள்ளைப்புள்ளி நோயையும், குஞ்சுகளைத் தொடக்கத்திலேயே கொல்லும் செரிமானச் சுரப்பி நோயையும் கூடுதலாகத் தாங்கின என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பொரிப்பகத்தில் மிச்சம் பிடித்ததைப் பண்ணையாளர் குட்டையில் இழந்துகொண்டிருந்தாரோ என்னவோ! பிரிட்டனின் சில பெரிய அங்காடி நிறுவனங்கள் கண்காம்பு நீக்காத தாய்களின் இறாலையே வாங்குவோம் என்றும், மின்னதிர்வால் உணர்விழக்கச் செய்த பிறகே கொல்ல வேண்டும் என்றும் கேட்கத் தொடங்கியுள்ளன. நம் பக்கத்தில் அறுவடை என்றால் நீரை வடித்து, வலையில் அள்ளி, பனிக்கட்டி கலந்த நீரில் கொட்டுவதுதான். குளிரில் அவை விரைவில் அசைவற்றுப்போகும். அசைவற்றுப்போவது வேறு, உணர்வற்றுப்போவது வேறு.

குட்டையில் வாழும் நாள்களைப் பற்றியும் கூற வேண்டும். சாவு சில நிமிடங்கள், வாழ்வோ மூன்று நான்கு மாதங்கள். வெனாமிக்கு ஆணையம் வகுத்த உச்ச அளவு சதுர மீட்டருக்கு அறுபது குஞ்சுகள். அடர்த்தி கூடக்கூடத் தீனி கூடும். தீனியும் கழிவும் அடியில் சேறாகப் படியும். அச்சேற்றிலிருந்து நச்சு வாயுக்கள் எழும். விடியற்காலையில் நீரில் உயிர்வளி குறையும்போது, ஏரேட்டர் நின்றுபோனால், இறால்கள் கரையோரத்தில் வந்து மேலே மேலே மோதுவதைப் பண்ணைக் காவலர் எவரைக் கேட்டாலும் கூறுவார். மின்சாரம் நின்ற இரவில் தூங்காத மனிதர்கள் அவர்கள். ஒரு வகையில் பார்த்தால் இறாலின் மூச்சுக்காகக் கண்விழிப்பவர் உலகில் அவர் ஒருவரே. இறாலைப் பற்றி அவரிடம் பேசப் போகிறவர் அதனை நினைவில் வைத்துப் பேச வேண்டும்.

சூழலைக் காப்பதும் இறாலுக்கு இரங்குவதும் ஒன்றே என்று சிலர் எழுதுகிறார்கள். பல இடங்களில் ஒன்றுதான். அடர்த்தி குறைந்தால் கழிவுநீர் குறையும், நோய் குறையும், தடைசெய்யப்பட்ட மருந்தை ஊற்றும் சோதனையும் குறையும். தீனியில் சேரும் மீன்தூளுக்காக மடிவலையில் அரித்தெடுக்கும் குஞ்சுமீன்களும் மிஞ்சும். கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும் கோடையில் இறாலும் மாறி மாறி விளைந்ததை நாம் அறிவோம். அங்கே நெல்லின் தாளே இறாலுக்கு உணவு. ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றன்று. நெகிழி விரித்த சிறு தொட்டிகளில் நீரைச் சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தி நெருக்கமாக வளர்க்கும் முறை, நிலத்தைக் காக்கும், அலையாத்திக் காட்டைக் காக்கும், கிணற்றைக் காக்கும். இறாலையோ முன்னிலும் நெருக்கும். இங்கே யார் பக்கம் நிற்பது? நாம் தயங்காமல் கிணற்றின் பக்கம் நிற்போம். இறாலின் வலி ஐயத்திற்குரியது. அந்தத் தாயின் தாகம் ஐயத்திற்குரியதன்று. ஆயினும் தேர்ந்த பிறகு இழப்பே இல்லாததுபோல் பேசுவது நேர்மையாகாது.

வேறொரு சோதனையையும் கூறிவிடுகிறோம். இலண்டன் அங்காடியில் வாங்குபவர் மனம் நோகாமல் இருக்கும்பொருட்டு இறாலுக்கு மின்னதிர்வுக் கருவி வரும்; அதே இறாலின் தலையைக் கிள்ளும் பெண்கள் பனிக்கட்டி நீரில் நாள் முழுதும் நின்று விரல் மரத்துப்போவது எந்தச் சான்றிதழிலும் வராமல் போகலாம். வலியைப் போக்கும் முயற்சி, வாங்குபவர் பார்க்கும் பக்கத்தில் மட்டும் நடந்தால் அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

நம் பங்குமகனிடம் இதையெல்லாம் பேசினோமா? பேசினோம். உடனே அன்று, ஓராண்டு கழித்து. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தம் கணக்கைச் சொன்னார். தீனிக்கு வணிகரிடம் கடன். இறாலை அவரிடமே போட வேண்டும். விலையை அவரே சொல்வார். விலை, 'கவுண்ட்' வைத்து. கிலோவுக்கு முப்பது நின்றால் ஒரு விலை, நாற்பது நின்றால் ஒரு விலை, நூறு நின்றால் வண்டிக்கூலியும் மிஞ்சாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது வரியை ஐம்பது விழுக்காடாக உயர்த்தியபோது, வாஷிங்டன் எங்கே இருக்கிறது என்று அறியாத காவலாளியின் சம்பளமும் தள்ளிப்போயிற்று. "கண்ணுள்ள தாயின் குஞ்சு என்று பொரிப்பகத்தில் கேட்டால் சிரிப்பான் சாமி. ஒருவனாகக் கேட்டால் சிரிப்பான். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் விலை சொல்வான்" என்றார். பத்துப் பேர் இன்னும் சேரவில்லை. ஆனால் அடர்த்தியைக் குறைத்தார். கழிவுநீரை வாய்க்காலில் விடாமல் தேக்கி வைக்க மூலையில் நான்கு குழி நிலத்தை விட்டார். பக்கத்து வயல்காரர் மூன்று ஆண்டுகளாகப் பேசாதவர், அதனைப் பார்த்துவிட்டு வரப்பில் நின்று ஏதோ கேட்டாராம். அதுவே எமக்குப் பெரிய செய்தியாகத் தோன்றிற்று.

இந்த ஆண்டும் மாசி மாதத்தில் அழைப்பு வந்தது. போகலாமா என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தோம். இலத்தீன் காலத்துப் பழைய சடங்கு நூலில் தேனீக்களுக்கு ஆசி உண்டு, பட்டுப்புழுவுக்கும் உண்டு. கொதிநீரில் வேகப்போகும் பட்டுப்புழுவை ஆசீர்வதித்த நம் முன்னோர் எதனை எண்ணி ஆசீர்வதித்தார்கள் என்று குருமட நாள்களில் நாம் கேட்டதில்லை. இறாலுக்கு என்று தனி ஆசி எந்த நூலிலும் நம் கண்ணுக்குப் படவில்லை. தொடக்கநூலைப் புரட்டினோம். திருவிவிலியத்தில் கடவுளின் முதல் ஆசி மனிதருக்கு உரியதன்று. ஐந்தாம் நாளில், மனிதர் படைக்கப்படும் முன்பே, நீரில் வாழ்பவற்றுக்கும் பறவைகளுக்கும் அளிக்கப்பட்டது அது. பெருகிக் கடலை நிரப்புமாறு கூறிய ஆசி.

குட்டைக்கரையில் வழக்கம்போல் பைகள் மிதந்தன. ஏரேட்டர்கள் சுழன்றுகொண்டிருந்தன. நீருக்காக மன்றாடினோம். அங்கே உறங்கப்போகும் காவலாளிக்காகவும், வரப்புக்கு அப்பாலுள்ள வயலுக்காகவும், அதன் கிணற்றுக்காகவும் மன்றாடினோம். பங்குமகனும் அவர்தம் இல்லத்தாரும் 'ஆமென்' கூறினார்கள். அதோடு முடித்துக்கொள்ள எண்ணித் தீர்த்தச் செம்பைக் கீழே வைக்கக் குனிந்தபோது, அவருடைய இளைய மகள், ஏழு எட்டு வயது இருக்கும், பைகளைச் சுட்டிக்காட்டிக் கேட்டாள்: "குஞ்சுக்கு, சாமி?"

பெருகுங்கள் என்று அவற்றிடம் கூற இயலாது. முட்டையிடும் வயதை எட்டும் முன்னரே அவை அனைத்தும் அள்ளப்பட்டுவிடும். கூறத்தக்க வேறு சொல் ஏதேனும் உண்டா என்று தேடியபடி, செம்பை மீண்டும் கையில் எடுத்துக்கொண்டு நின்றோம். பொரிப்பகத்திலிருந்து வந்த இளைஞர் நீரில் இறங்கி, முதல் பையின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.